பஞ்சுக் கிடங்கில் ஒரு தீப்பெட்டி

இந்தக் கதையை எனக்குச் சொன்னவரும் நேரில் பார்த்தவர் இல்லை. ராஜபாளையம் பக்கம் பஞ்சாலை முதலாளி ராமசுப்புவுக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அப்பாவையும் தாத்தாவையும் ஐம்பது வயதில் கொண்டுபோன மாரடைப்பின் அபாயம் அவருக்கும் உண்டு என்று முடிவு வந்தது. அன்று முதல் சமையல்காரி பொன்னுத்தாயி வனஸ்பதியை நிறுத்திவிட்டுக் கீரையும் மத்திமீன் குழம்பும் வைத்தாள்.

முதலாளி தட்டைத் தள்ளினார். "பிறக்கும்போதே கூட வந்தது. அதைக் கீரையா தடுக்கும்? நாளைக்கு மில்லுக்கு ஆட்டுக்கொழுப்பு வறுவல் வரணும். இல்லைன்னா நீ வராதே."

பன்னிரண்டு வருட வேலை ஒரு வறுவலில் வந்து நின்றது.

மறுநாள் பொன்னுத்தாயி சாப்பாட்டுத் தூக்கின் மேல் ஒரு தீப்பெட்டியை வைத்துக்கொண்டு, முதலாளி நின்றிருந்த பஞ்சுக் கிடங்குக்குள் நேராக நுழைந்தாள். பீடி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்து ஆட்களை உள்ளே விடும் ஆலை அது.

"ஏ பொன்னுத்தாயி! தீப்பெட்டியோட வர்றியே, மூளை இருக்கா?"

"பத்திக்கிறது பஞ்சோட பிறவிக்குணம் மொதலாளி. தீப்பெட்டியை நிறுத்தினா அது மாறிடுமா?"

"மாறாதுடி! அதனாலதானே தீயை அண்டவிடாம வச்சிருக்கோம்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூட்டை தூக்குபவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் தூக்கைத் திறந்து கீரையைப் பிசைந்தார்.

பின்னால் அந்த ஆலையின் காவலாளியைத் தேடிப்போய் விசாரித்தேன். தீப்பெட்டி காலியாம். அவரே குலுக்கிப் பார்த்துத்தான் உள்ளே விட்டாராம்.