அத்திமடுவின் இரைச்சல்

அத்திமடுவில் எப்போதும் ஒரே கூச்சல்தான். காட்டுக்கு நடுவே ஒரு மடு, கரையில் ஒரு பெரிய அத்திமரம். கோடையில் வேறெங்கும் தண்ணீர் கிடையாது. அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே வந்து குவிவார்கள். மரத்தில் குரங்குகள் ஆடும், கீழே மான்கள் குடிக்கும், பன்றிகள் சேற்றில் புரளும், அவற்றின் முதுகில் மைனாக்கள் உண்ணி பொறுக்கும். சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்?

அந்த இடத்துக்கு ஆளுக்கொரு பெயர். குரங்குகள் "கச்சேரி மேடை" என்றன. பன்றிகள் "திருவிழாத் திடல்" என்றன. மைனாக்களுக்கு அது "முச்சந்தி". ஊர்வம்பு எல்லாம் அங்கேதானே கிடைக்கும்!

செவ்வந்தி என்ற புள்ளிமானுக்குப் பெயரைப் பற்றிக் கவலையில்லை. அவள் மான் கூட்டத்தின் தலைவி. சிட்டு என்று அவளுக்கு ஒரு குட்டி. தண்ணீரில் வாய் வைக்கும் முன் அவள் தலையை நிமிர்த்தி, "மேலே யாரு?" என்று குரல் கொடுப்பாள்.

"நான்தான், தாவடியான்! நாலு பக்கமும் பார்த்தாச்சு, குடி தாயி!" என்று குரங்குத் தலைவன் உச்சிக் கிளையிலிருந்து பதில் சொல்வான். அதைக் கேட்ட பிறகுதான் மான்கள் குனியும். அது அவர்களுக்குள் வழிவழியாக வந்த வழக்கம்.

எதிர்க்கரை நாணல் புதரில் ஒரு சிறுத்தை தினமும் பதுங்கிப் பார்த்தது. பலிக்கவில்லை. வால் நுனி அசைந்தால் போதும், மேலே குரங்கு கத்தும், கீழே கரை காலியாகிவிடும். சிறுத்தை பட்டினி கிடந்தது. அது தின்று மிச்சம் வைக்கும் எலும்பை நம்பிப் பிழைத்த கழுதைப்புலி சாந்தப்பனும் பட்டினி கிடந்தான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். சாந்தப்பனுக்கோ பசியில்தான் யோசனை பிறந்தது!

மறுநாள் அவன் அடக்க ஒடுக்கமாக மடுவுக்கு வந்தான்.

"சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நான் ஊர் ஓரமெல்லாம் சுத்தி வந்தவன். இப்படிக் கத்துற இடத்துக்கு மனுஷங்க என்ன பேரு வச்சிருக்காங்க, தெரியுமா? சந்தைக்கடை! முகத்தைச் சுளிச்சுக்கிட்டுத்தான் சொல்றாங்க!"

ஆடிக்கொண்டிருந்த குரங்குகள் கிளையில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன.

"அவ்வளவு கேவலமாவா இருக்கோம்?" என்றான் பன்றித் தலைவன் பொரிமூக்கன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக மூக்கிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டான்.

"கௌரவமான இடம்னா அமைதியா இருக்கணும்" என்றான் சாந்தப்பன். "காலையில குரங்கு. உச்சி வெயில்ல மான். சாயங்காலம் பன்றி. யாரும் கத்தக் கூடாது, அடுத்தவங்க நேரத்துல எட்டிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு மரியாதை, பாருங்க!"

"முதல் தண்ணி எங்களுக்கா?" என்று தாவடியான் நெஞ்சை நிமிர்த்தினான்.

செவ்வந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சந்தைக்கடைன்னா சந்தைக்கடையாவே இருக்கட்டும் அண்ணே! சந்தையில காலை மிதிப்பாங்க, காது கிழியும். ஆனா நட்டநடுச் சந்தையில ஒருத்தரைக் கழுத்தைக் கடிச்சு இழுத்துட்டுப் போக முடியுமா?"

"ஐயோ, என்ன பேச்சு இது தாயி! இங்கே யாரு கழுத்தைக் கடிக்கப் போறா?" என்று சாந்தப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அவள் பேச்சு எடுபடவில்லை. கௌரவம் என்ற சொல் காதில் விழுந்தால் பாதிப் பேருக்குப் புத்தி மழுங்கிவிடும். காட்டிலும் அப்படித்தான்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் மான்கள் மட்டும் மடுவுக்கு வந்தன. மரத்தில் ஒரு வாலும் தொங்கவில்லை. சேற்றில் ஒரு பன்றியும் இல்லை. செவ்வந்தி வழக்கம்போல் குரல் கொடுத்தாள்.

"மேலே யாரு?"

பதில் இல்லை.

"அம்மா, தாகமா இருக்கு" என்று சிட்டு முனகியது.

"பொறு கண்ணு. பதில் வராம இந்தத் தண்ணியில வாய் வைக்கக் கூடாது."

புதர் ஓரத்திலிருந்து சாந்தப்பன் வந்தான். "ஏன் தாயி தயக்கம்? புள்ள நாக்கு வறண்டு நிக்குது. குடிக்க விடு!"

"விடறேன் அண்ணே. எதுக்கும் அந்த நாணலுக்குள்ள ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்."

சாந்தப்பனின் கால் நகரவில்லை. கண் மட்டும் ஒரு கணம் நாணல் பக்கம் போய்த் திரும்பியது. "அங்... அங்கே முள்ளு ஜாஸ்தி" என்றான்.

செவ்வந்திக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடினால் சிறுத்தை பாயும். சிட்டுவின் பிஞ்சுக் கால்கள் அதற்கு ஈடு கொடுக்காது. உதவிக்கு வாருங்கள் என்று கத்தினால், இது மான்களின் நேரம் என்று கௌரவம் பார்க்கும் கூட்டம் வராது. எதற்கு அவர்கள் மானம் மரியாதை எல்லாவற்றையும் மறந்து ஓடி வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மூச்சை இழுத்துக் காடே அதிரக் கத்தினாள்.

"அத்தி பழுத்துடுச்சு! பழம் கொட்டுது! வாங்க, வாங்க!"

அவ்வளவுதான்! குரங்குகள் கிளைக்குக் கிளை பாய்ந்து வந்தன. பன்றிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. மைனாக்கள் கூட்டமாக இறங்கின. "எனக்கு! எனக்கு!" என்று ஒரே அமளி. தாவடியான் எல்லாரையும் முந்திக்கொண்டு உச்சிக் கிளைக்குத் தாவினான். கையில் அகப்பட்டதெல்லாம் பச்சைக் காய்.

"பழம் எங்கே தாயி?" என்று எரிச்சலோடு கீழே பார்த்தவன் அப்படியே உறைந்துபோனான். "சிறுத்தை! நாணலுக்குள்ள சிறுத்தை! ஓடுங்க!"

கண் இமைப்பதற்குள் மான்கள் மேட்டுக்கு ஏறிவிட்டன. சிட்டு தாயின் விலாவை உரசிக்கொண்டு நின்றது. பன்றிகள் கோரைப் பல்லைக் காட்டி உறுமின. ஒளிவிடம் தெரிந்துபோன சிறுத்தை வெட்டவெளியில் எழுந்து நின்றது. இத்தனை பேர் பார்க்க அது யாரைப் பிடிக்கும்? அவமானமும் பசியும் சேர்ந்து அதன் கோபம் யோசனை சொன்ன சாந்தப்பன் பக்கம் திரும்பியது.

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்..." என்று ஆரம்பித்த சாந்தப்பன் வாக்கியத்தை முடிக்காமலே ஓட்டம் பிடித்தான். சிறுத்தை அவனைத் துரத்திக்கொண்டே மலைப்பக்கம் மறைந்தது. இரண்டும் பிறகு அத்திமடுப் பக்கம் தலைகாட்டவில்லை.

தாவடியான் மெல்லக் கீழே இறங்கினான். "தப்பு எங்க மேலதான் தாயி. முதல் தண்ணின்னதும் மயங்கிட்டேன்" என்றான்.

"சரி சரி, மேலே ஏறி நில்லு. புள்ளைக்குத் தாகம்" என்றாள் செவ்வந்தி.

அவன் ஏறினான். நாலு திசையும் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான். சிட்டு குனிந்து வயிறு முட்டக் குடித்தது.

எளியவர்களுக்குக் கூட்டமே காவல். அதைக் கலைந்து போகச் சொல்பவன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், அவனுக்கு என்ன பசி என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.