செப்புத் தகடு அடித்த வீடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். ஊரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். நல்ல ராஜாதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் அவருக்கு ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிட வேண்டும். ஒரு நாடு அல்லாடுவதற்கு இந்த ஒரு கோளாறு போதாதா?

ஒரு கோடையில் அந்த ஊரின் கீழத்தெரு முழுவதும் தீப்பிடித்து எரிந்துபோனது. ராஜா மனமிரங்கி, ஏரிக்கரை ஓரமாகப் புதுத்தெரு போட்டு, வீடிழந்தவர்களுக்கு மனையும் மரமும் ஓடும் கொடுத்தார். அரசவையில் ராஜாவைச் சிரிக்க வைத்துச் சோறு தின்கிற சூரப்பனுக்கும் அங்கே ஒரு வீடு எழும்பியது. ஒச்சப்பன் என்ற கொத்தனார் கட்டிக்கொடுத்தார். சூரப்பனுக்கும் அவன் மனைவி பவளாயிக்கும் ஓட்டு வீட்டில் குடியிருப்பது அதுதான் முதல் தடவை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்றோடு கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட முடியாது. முதல் பெருமழை பெய்யும்போது அவர் வந்து நடுவீட்டில் உட்கார வேண்டும். வீட்டுக்காரர்கள் இலை போட்டுச் சோறு பரிமாறுவார்கள். இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சோற்றைத் தொடாமல் எழுந்து, கூரையேறிச் சரிசெய்துவிட்டு வந்துதான் சாப்பிட வேண்டும். முதல் மழைச் சோறு என்று அதற்குப் பெயர். கொத்தனாரின் மானம்தான் வீட்டுக்குப் பிணை, வேறு ஒன்றும் கிடையாது.

அந்த நல்ல வழக்கத்தில் மண்ணைப் போட்டது ஒரே ஒரு ஓடு. அரண்மனைக் குளியலறைக் கூரையிலிருந்து அது நழுவி, ராஜாவின் எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தது. எண்ணெய் வழிகிற தலையோடு ராஜா சபைக்கே வந்துவிட்டார்.

"என் குடிகளில் ஒருவரும் வீட்டைப் பற்றிக் கவலைப்படலாகாது! மாலைக்குள் வழி சொல்லுங்கள்."

கட்டட அதிகாரி கோதண்டர் எழுந்தார். ராஜா சூரப்பனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் பொறாமையில் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர் இவர்தான்.

"வேந்தே, அரண்மனை முத்திரையிட்ட செப்புத் தகட்டைப் புது வீடுகளின் நிலைப்படியில் அடிப்போம். வீட்டுக்காரர் அறுவடைக்கு அறுவடை ஒரு மூட்டை நெல் அளக்கட்டும். வீட்டில் எது பழுதானாலும் அரண்மனை ஆட்கள் சென்று சீர்செய்வார்கள். கட்டாயமில்லை, விருப்பமுள்ளோர் பெறலாம்."

"பேஷ்!" என்றார் ராஜா.

புதுத்தெருவில் தகடுகள் பளபளத்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த பவளாயி வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, எல்லார் வாசல்லயும் தகடு மின்னுது. நம்ம வாசல் மட்டும் மூளியா நிக்குது."

"நின்னா நிக்கட்டுமே. முதல் மழைக்கு ஒச்சப்பன் வருவார்ல?"

"வந்தா வருவாரு. கால் ஒடிஞ்சு கிடந்தா? ஐப்பசியில செங்கமலம் தலைப்பிரசவத்துக்கு வரப்போறா. ஒழுகுற வீட்டுலயா புள்ளத்தாச்சியப் படுக்க வைப்பீங்க? கொத்தனார் பெருசா, அரண்மனை பெருசா?"

மகள் பேரைச் சொன்னதும் சூரப்பன் இறங்கிவந்தான். சபையில் பெரிய பெரிய பண்டிதர்களை மடக்குகிறவன், தன் வீடு என்று வந்ததும் தெருவே தகடு அடித்திருக்கிறதே என்று யோசித்தான். ஆனாலும் கோதண்டரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டான்.

"ஐயா, தகடு எதையெல்லாம் காக்கும்?"

"சுவர், ஓடு, ஓட்டைத் தாங்கும் கைமரம், கதவு, கிணறு, அம்மிக்கல் முடிய அத்தனையும் காக்கும்."

எதைக் காக்காது என்று கேட்டானா? கேட்கவில்லை. அட, கெட்டிக்காரா!

தகடு அடித்து, முதல் மூட்டை நெல்லையும் அளந்து வாங்கிய பிறகுதான் அரண்மனை ஆள் கோதண்டரின் உத்தரவைச் சொன்னான். "இனிமே இந்த வீட்டுல வேற கை படக் கூடாது. பட்டா காப்பு போயிரும். தொட்டவனுக்குக் கசையடி."

வாசலில் நின்றிருந்த ஒச்சப்பன் இதைக் கேட்டார். "அப்ப முதல் மழைக்கு நான் வர வேணாங்களா சாமி?" என்றார். சூரப்பன் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. ஒழுகியது எங்கே தெரியுமா? அடுப்படியில் ஒழுகியிருக்கலாம், மாட்டுக்கொட்டிலில் ஒழுகியிருக்கலாம். சரியாகச் செங்கமலத்துக்குப் போட்டுவைத்த கட்டிலுக்கு மேலே ஒழுகியது. கட்டிலை நகர்த்தினால் ஒழுகலும் நகர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமை அவளை அழைத்துவர வண்டி பூட்ட வேண்டும். பவளாயி அண்டாவும் குண்டானும் வைத்துத் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கொட்டினாள்.

ஆள் மேல் ஆள் அனுப்பிய பிறகு கோதண்டர் தாழங்குடை பிடித்துக்கொண்டு சாவகாசமாக வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"ஒழுகுவது மழை. மழை வருணன் செயல். தெய்வச் செயலுக்குத் தகடு பொறுப்பல்ல."

"மழைய நிறுத்தச் சொல்லலீங்க. ஓட்டைச் சரிபண்ணச் சொல்றோம்" என்றாள் பவளாயி.

"ஓடு காப்பில் உண்டு. கைமரம் காப்பில் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி காப்பில் இல்லை. நீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது."

"இது என்னய்யா அநியாயம்! அந்தக் கைமரமே ஊறிப்போய்க் கறுத்துக் கிடக்கு, பாருங்க!"

"அம்மா, அந்த மரம் காட்டில் நின்ற காலத்திலேயே மழையில் நனைந்ததுதானே? தகடு வருவதற்கு முன்பே இருந்த குறை."

சொல்லிவிட்டுத் தாழங்குடையை விரித்துக்கொண்டு அவர் போயே போய்விட்டார். எனக்குச் சொல்லும்போதே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி எரிந்திருக்கும்! "நீ நாசமாப் போக! நெல்லை அளக்கும்போது எங்கடா போச்சு உன் இடைவெளி?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். சத்தம் கேட்டு ஒச்சப்பன் ஏணியோடு ஓடிவந்தார். தகட்டைப் பார்த்தார், தன் முதுகை நினைத்தார், ஏணியைச் சாத்தாமலே தோளில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நாழிகையில் சரிசெய்கிற ஓட்டை அது. செய்யத் தெரிந்தவர் வாசலில் நிற்கிறார், செய்ய வேண்டியவர் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

சூரப்பன் சபையில் போய்ச் சொன்னான். ஆனால் அவனுக்கு முன்பே புதுத்தெருக்காரர்கள் பாதிப்பேர் வந்து முறையிட்டிருந்தார்கள். ராஜாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது. தான் பேஷ் என்று சொன்ன திட்டத்தை ஊரே ஏசுகிறதே என்ற ரோஷம் வேறு. கோதண்டர் அந்த நேரம் பார்த்து ஊதிவிட்டார்.

"வேந்தே, தங்கள் ஆணையைப் பரிகாசம் செய்வதற்கென்றே சூரப்பர் இவர்களைத் தூண்டிவிட்டிருக்கிறார்."

"போதும்!" என்றார் ராஜா. "சூரப்பா, தகட்டைப் பற்றிக் கோதண்டர் சொன்ன சொல்லே என் சொல். இனி அதைப் பற்றி உன் சொந்தச் சொல் ஒன்றுகூட என் காதில் விழக்கூடாது. விழுந்தால் உன் வீடு அவருக்குச் சேரும். அவர் சொற்களைக் கொண்டே அவர் தவறென்று காட்ட முடியுமானால் காட்டு."

எதிராளியின் வாயை வைத்து எப்படி வழக்காடுவது? ஆற்றாமையில் சூரப்பனுக்குக் கண் கலங்கியது. வீடு ஒழுகினாலும் வீடு; அதுவும் போய்விட்டால் வெள்ளிக்கிழமை மகளை எந்த வாசலில் இறக்குவான்? ஆனால் பற்களைக் கடித்துக்கொண்டு கும்பிட்டான்.

"உத்தரவு, வேந்தே. அவர் சொற்களே எனக்குப் போதும். அடியேனுக்கு ஒரு வரம் மட்டும் வேண்டும். நாளை ஏரிக்குப் போகும்போது தங்களுக்கு வெண்கொற்றக்குடை பிடிக்கும் பேறு எனக்குக் கிடைக்க வேண்டும்."

பயல் பணிந்துவிட்டான் என்று ராஜா நினைத்துக்கொண்டார். கொடுத்தார்.

ஏரி நிரம்பி மறுகால் பாயும் நாளில் ராஜா நடந்துபோய்க் கரையில் நின்று பூத்தூவிக் கும்பிடுவது அந்த நாட்டு முறை. ஊரே கூடியிருந்தது. ராஜா கரையில் ஏறியதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சூரப்பன் குடையை நன்றாக விரித்து, நெஞ்சை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். ராஜாவுக்கு மேலே அல்ல. நாலு அடி தள்ளி, ஒரு நெருஞ்சிச் செடிக்கு மேலே.

"டேய்! நனைகிறேன்!" என்றார் ராஜா.

"நனைப்பது மழை, வேந்தே. மழை வருணன் செயல். தெய்வச் செயலுக்குக் குடை பொறுப்பல்ல."

"என்ன உளறுகிறாய்? குடையை இப்படிப் பிடி!"

"குடை காப்பில் உண்டு. தாங்களும் காப்பில் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி காப்பில் இல்லை. நீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது."

ராஜாவின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பட்டு அங்கவஸ்திரம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. "என் தலையைப் பாரடா!" என்று கத்தினார்.

சூரப்பன் எட்டிப் பார்த்தான். "தாங்கள் காலையில் நீராடியபோதே இந்தத் தலை நனைந்துவிட்டது. குடை வருவதற்கு முன்பே இருந்த குறை."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோதண்டருக்கு முகம் வெளிறியது. பதறிப்போய்த் தம்முடைய தாழங்குடையோடு ராஜாவை நோக்கி ஓடினார். சூரப்பன் ஒற்றைக் கையை நீட்டிக் குறுக்கே மறித்தான்.

"நில்லும்! அரண்மனைக் குடை விரித்த இடத்தில் வேறு கை படக் கூடாது. பட்டால் காப்பு போய்விடும். தொட்டவருக்குக் கசையடி!"

கோதண்டர் நின்ற இடத்திலேயே நின்றார். ராஜாவுக்கு அடக்க முடியவில்லை.

"மழை பெய்யும்போது மேலே வராத குடை எதற்கடா? நானும் பிடிக்க மாட்டேன், பிடிக்க வருகிறவனையும் விடமாட்டேன் என்றால் அதற்குப் பெயர் குடையா? பகற்கொள்ளை!"

சூரப்பன் சட்டென்று மண்டியிட்டான். "வேந்தே, இந்த வார்த்தை அடியேன் சொன்னதல்ல. ஊரே சாட்சி. என் வீடு என்னுடையதுதானே?"

ராஜா வாயைத் திறந்தபடியே நின்றார். மழை அவர் வாய்க்குள் விழுந்தது. கோதண்டரைப் பார்த்தார், அவரை நனையாமல் காத்து நின்ற தாழங்குடையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தும்மிக்கொண்டு, மறுபடி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் குரல் மாறியது.

"கோதண்டரே, தகடுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, அளந்த நெல்லை மாலைக்குள் அவரவர் வீட்டில் இறக்கும். இந்த மழைக்காலம் முடியும்வரை, புதுத்தெருவில் எந்த வீடு ஒழுகினாலும் அந்த ஒழுகலுக்கு நேர்கீழே உமக்கு இலை போடப்படும். கொத்தனார் கூரையைச் சரிசெய்து இறங்கும்வரை நீர் எழுந்திருக்கக் கூடாது. சூரப்பா, உனக்குப் பொன்முடிப்புத் தருகிறேன்."

"பொன் இருக்கட்டும் வேந்தே. பிடுங்குகிற தகடுகளைக் கொடுங்கள்."

அன்று சாயங்காலமே ஒச்சப்பன் ஏணியைச் சாத்தினார். ஒரு நாழிகைதான் ஆயிற்று. இறங்கி வந்து, கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, மழை வெளியே அடித்துக்கொண்டு பெய்ய, முதல் மழைச் சோற்றை ரசமும் மோருமாக ஒரு பிடி பிடித்தார். இலையில் ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளிக்கிழமை செங்கமலம் வண்டியிலிருந்து இறங்கி, காய்ந்த தரையில் கால் வைத்தாள். தகடுகளையெல்லாம் உருக்கிச் சூரப்பன் பெரிய வெந்நீர் அண்டா ஒன்று அடிக்கச் சொல்லியிருந்தான். ஒருநாளும் ஒரு வீட்டையும் காக்காத செம்பு, பேரப்பிள்ளைக்கு வெந்நீராவது காய்ச்சிக் கொடுத்தது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், பக்கத்து நாட்டிலிருந்து ஒருவன் புதுத்தெருவுக்கு வந்தான். இது செம்பு அல்ல, வெள்ளித் தகடு என்றான். சுவரைக் காக்கும், ஓட்டைக் காக்கும், இடைவெளியையும் காக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். பவளாயி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"அதெல்லாம் சரிப்பா. மழை கொட்டும்போது யாரு எங்க வீட்டுக் கூரை மேல ஏறுவா? அந்த ஆளைக் கூட்டிட்டு வா. முதல்ல அவனுக்கு ஒரு இலை போடுறேன்."

போனவன் திரும்பி வரவேயில்லை.