கண் தெரியாத சென்சார்

"டீச்சர், இந்தச் சென்சாருக்குக் கண்ணே தெரியலைங்க!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறை வாசலில் நின்று கத்தினார் சின்னியப்பன். வீட்டில், கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஒன்றைப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுப்பவள், பட்டறைக்காரி சௌடேஸ்வரி. வயதில் அவர்தான் மூத்தவர். பொறுமையிலோ கைக்குழந்தை.

"என்னங்ணா ஆச்சு?"

"இரும்பு கிட்ட வந்தா, தொடாமலே கண்டுபிடிச்சு மெஷினை நிறுத்தணுமில்ல? நிறுத்த மாட்டேங்குது. நெருக்கி வெச்சேன். இன்னும் நெருக்கி வெச்சேன். மோதி ஒரு சென்சார் உடைஞ்சே போச்சு!"

"மெதுவாப் பண்ணலாமே."

"நாளைக்கு மக கிளினிக் திறக்கிறா. பேர்ப்பலகையை அப்பாதான் செதுக்கணும்னுட்டா. பலகை, அவங்கம்மா கடைசியாப் படுத்திருந்த கட்டிலோடது. கோணலா ஓடிருச்சுன்னா இன்னொன்னுக்கு எங்கீங்க போவேன்?"

கையிலிருந்த சென்சாரை அவளிடம் கொடுத்தார்.

"பவர் எங்கிருந்து எடுத்தீங்க?"

"மெஷினோட கன்ட்ரோல் போர்டுலயே அஞ்சு வோல்ட் வருதே. அதுல சொருகிட்டேன்."

சௌடேஸ்வரி சென்சாரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதன்மேல் பொடி எழுத்து.

"படிங்க."

"மங்கலா இருக்குதுங்க. காலையிலிருந்து பச்சத்தண்ணி பல்லுல படலை. கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். தயிர்சாதம்.

"சோறு திங்கிற நேரமாங்க இது?"

"தின்னுட்டுப் படிங்க."

முனகிக்கொண்டே தின்றார். வழித்துத் தின்றார். பிறகு சென்சாரை எடுத்தார்.

"பத்துலேருந்து முப்பது வோல்ட்... நான் கொடுத்தது அஞ்சு!"

சென்சாரை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"அட கடவுளே! இதைப் போய் என்ன பேச்செல்லாம் பேசினேன்!"

"பன்னண்டு வோல்ட் தனியாக் கொடுங்க. சென்சார்லருந்து வர்ற வயரை நேரா போர்டுல விட்டுராதீங்க, போர்டு தாங்காது. நடுவுல வெச்சு வோல்ட்டைக் குறைக்கிறதுக்கு ஒரு சின்ன சர்க்யூட் தர்றேன்."

"சரிங்க."

"சென்சாருக்குத்தான் காது இல்லீங்களே. வீட்டுல யாரைத் திட்டுனீங்க?"

சின்னியப்பன் சென்சாரைக் கீழே வைத்தார். காலையில் மகள் இட்லித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "உன்னாலதான் எல்லாம், போ அந்தப்பக்கம்!" என்று எரிந்து விழுந்தார். தட்டை வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

"வாங்ணா, வயர் எப்படிப் போகணும்னு காட்டுறேன்."

அவர் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். சோற்றுக் கையைக் கழுவக்கூட இல்லை. இடது கையில் போன்.

"கண்ணு, மெஷின் கெடக்கட்டும். நீ சாப்பிட்டியா?"