பாலுக்கு முன்னால் ஒரு கரித்துண்டு

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில் ஒரு சின்ன மடம். அங்கிருந்த குருவை எல்லோரும் அம்மை என்றே கூப்பிட்டார்கள். அம்மைக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. பாடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் அக்கா, அண்ணாச்சி என்பார். அவர்கள் அவரை அம்மை என்பார்கள். இந்த முறை அங்கே யாருக்கும் இடித்ததில்லை.

அந்த மடத்தில் திருநீறு கிடைக்கும். மந்திரித்த கயிறு கிடைக்காது. கயிறு தேடி வந்தவர்கள் ஒரு தடவையோடு நின்றுவிடுவார்கள்.

தாட்சாயணி அப்படிப்பட்டவள் அல்ல. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்தபோதே பாடம் கேட்க வந்துகொண்டிருந்தவள். பிள்ளை பிறந்தபின் ஒரு மத்தியானம் முதல் முறையாக மடத்துக்கு வந்தாள். ஒரு தோளில் பிள்ளை, மறு தோளில் கறுப்புப் பை. உட்கார்ந்ததும் முந்தி முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் துணியில் கட்டிய எதையோ தரையில் வைத்து அம்மையின் பக்கமாகத் தள்ளினாள். கையில் கொடுக்கப் பயம்.

"இதைக் கழிச்சுத் தரணும் அம்மை."

"என்னது?"

"செய்வினை."

அம்மை துணியைப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு கரித்துண்டு இருந்தது.

"எங்க கிடந்துது?"

"என் பாலுக்கு முன்னால."

விஷயம் இதுதான். பிள்ளை மாசம் முந்திப் பிறந்தது. பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. குழாயில் குடித்து, பிறகு பாட்டிலில் குடித்து, வீட்டுக்கு வந்தபோது அதற்குத் தாயின் மார்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை. மார்பில் போட்டால் யாரோ கிள்ளியதுபோல் வில்லாக வளைந்து அழுதது. பழக்கிப் பார்த்து, அழவிட்டுப் பார்த்து, தாட்சாயணியும் சேர்ந்து அழுது பார்த்தாள். பிள்ளை மசியவில்லை. கடைசியில் டாக்டரம்மா பால் இழுக்கிற மிஷினை எழுதிக் கொடுத்தார். எப்படிக் குடித்தாலும் தாய்ப்பால் தாய்ப்பால்தானே என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து மூன்று மணிக்கொரு தரம் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினோடு உட்கார வேண்டியதாயிற்று. கறவை மாட்டுக்காவது கன்று பக்கத்தில் நிற்கும். இவளுக்கு எதிரே சுவர்தான். கறந்து முடித்ததும் கதவிடுக்கில் கையை நீட்டி பாட்டிலைக் கொடுப்பாள். வாங்கிக்கொள்வது மதினி வடிவு. புருஷனின் அக்கா, புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். பிள்ளைப் பாலுக்கென்றே வாங்கிய சின்ன ஃபிரிட்ஜில் பாலை வைப்பது அவள். மிஷின் சாமான்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பது அவள். பாலைச் சூடுகாட்டிப் பிள்ளைக்குப் புகட்டுவதும் அவள்தான். ஆக, பால் இவளுடையது, மடி அவளுடையது.

கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழும். பிறகு நிற்கும். அழும்போது தாட்சாயணிக்குப் பால் சுரக்கும். நின்றால் சந்தேகம் சுரக்கும்.

அம்மை கரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மதினிதான் வச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

தாட்சாயணி அதற்காகவே காத்திருந்தவள்போல் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் கேஸ் அடுப்பு. விறகடுப்பில்லாத வீட்டில் கரி எப்படி வரும்? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் நைசாக விசாரித்தாள். மதினிதான் வந்து ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போனாளாம். அதுவும் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வாங்கினாளாம். கரி வந்தது போன மாசம். பால் குறைய ஆரம்பித்ததும் போன மாசம்தான்.

"வளைகாப்பு அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது அம்மை. எல்லாரும் வளையல் போட்டாங்க. இவ அடுப்படிக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டா. கூப்பிட்டும் வரல."

"ம்."

"பிள்ளைக்குப் பால் குடுக்கும்போது அது முகத்தைப் பாக்க மாட்டா. சுவரைப் பாத்துக்கிட்டே குடுக்கா. மனசு சுத்தமா இருந்தா பிள்ளை முகத்தைப் பாத்துக் குடுக்க வேண்டியதுதான?"

"அந்த ஃபிரிட்ஜை வேற யாரு திறப்பாங்க?"

"யாரும் திறக்க மாட்டாங்க. வைக்கிறதும் அவ, எடுக்கிறதும் அவ. நானே நேத்துத்தான், அவ குளிக்கப் போன நேரம் பாத்து முதல் தடவையாத் திறந்தேன். அதைத் திறக்கிறது அவ ஒருத்திதான் அம்மை. இதுக்கு மேல சாட்சி என்ன வேணும்?"

கரி பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததா என்று மட்டும் அம்மை கேட்டார். இல்லை, முன்னால்தான், கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற இடத்தில் என்றாள் தாட்சாயணி. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் அப்படி வைப்பாள் என்று சேர்த்துக்கொண்டாள்.

புருஷன் தூத்துக்குடியில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அவனிடம் போனில் சொல்லியாயிற்று. உங்க அக்கா இருக்கட்டும், இல்லை நான் இருக்கேன், ரெண்டில் ஒன்று முடிவு பண்ணிக்கோங்க என்று. அவன் ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சங்கரன்கோவிலில் அவள் கொழுந்தன்மார் வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னான். அந்த வீட்டில் வடிவை வாசலோடு திருப்பி அனுப்பாமல் இருப்பார்களா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. வடிவு எதுவும் கேட்கவில்லை. துணிமணிகளை ஒரு பையில் அடுக்கி வைத்துவிட்டாள். அதையும் தாட்சாயணி குற்றமாகத்தான் சொன்னாள். தப்பு செய்யாதவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாளா?

பேசிக்கொண்டிருக்கும்போதே மிஷினுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளையை அம்மையின் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மிஷின் கர்ர்ர் என்று இழுத்துப் புஸ்ஸென்று விடும் சத்தம் வெளியே கேட்டது. இழுப்பதுதான் கேட்டதே தவிர, பாட்டிலில் பால் விழுவதாகத் தெரியவில்லை.

பிள்ளை அழுதது. பிறகு நிறுத்திவிட்டு 'ங்கு... ங்கு' என்று பேச ஆரம்பித்தது.

மிஷின் சத்தத்தையும் மீறி உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மை, சிரிக்கானா?"

"சிரிக்கான்."

"உங்களைப் பாத்தா?"

"ஆமா."

மிஷின் நின்றது. சேலையைச் சரியாகக்கூட இழுத்துவிடாமல் தாட்சாயணி வெளியே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான், பிடுங்கிக்கொண்டாள்.

அம்மை வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் மேலயும் சந்தேகம் வந்துட்டாக்கா?"

தாட்சாயணிக்கு முகம் சுண்டிவிட்டது. பாட்டிலை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். அடி மறைகிற அளவுக்குத்தான் பால் இருந்தது. பிள்ளை அதை இரண்டு இழுப்பில் முடித்துவிட்டுக் காற்றை உறிஞ்சியது. பிறகு வாயை எடுத்துக்கொண்டு அழுதது.

"வீட்டுல எடுத்து வச்ச பால் கொண்டு வரலையா?"

"கொண்டு வந்தேன். ஆத்துப் பாலத்துல நின்னு, ஓடுற தண்ணியில ஊத்திட்டேன். தரையில ஊத்தி எறும்பு தின்னுட்டா இருக்கிற பாலும் வத்திப் போகும்லா."

"எல்லாத்தையுமா?"

"கரிக்குப் பக்கத்துல இருந்த பாலைப் பிள்ளைக்குக் குடுக்கவா சொல்லுதீங்க?"

அந்தப் பாலை எடுக்க அவள் இடுப்பொடிய உட்கார்ந்திருக்கிறாள். தூங்கி வழிந்து மிஷினைக் கீழே போட்டிருக்கிறாள். காம்பு வெடித்து ரத்தம் வந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்திருக்கிறாள். அத்தனையும் பாலத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டது. பசித்த பிள்ளை அழுது அழுது, அவள் விரலைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது.

அம்மை எழுந்து அடுப்படிக்குப் போனார். இதைக் கழிக்கப் போகிறாரா இல்லையா என்று தாட்சாயணிக்குச் சந்தேகமாக இருந்தது. மதினி இதற்கு முன்பே இங்கே வந்து ஏதாவது சொல்லி வைத்திருப்பாளோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

பொழுது சாய்ந்தது. மடத்துப் பசுவின் பாலை அம்மை விறகடுப்பில் காய்ச்சி இறக்கினார். அதைத் தூக்குவாளியில் ஊற்றி மூடி, தாட்சாயணியைக் கூப்பிட்டார்.

"பின்தெருவுல செண்பகம்னு ஒரு பிள்ளை பெத்தவ இருக்கா. பச்சை உடம்பு. பாக்க ஆளில்ல. இந்தப் பாலைக் குடுத்துட்டு வாங்கக்கா. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்."

தாட்சாயணி ஒரு கணம் தயங்கினாள். பிறகு தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வாளியை எடுத்தாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பி வந்தாள். அடுப்போரம் குனிந்து, அணைந்து கிடந்த கரியில் ஒரு துண்டைப் பொறுக்கி வாளி மூடியின் குழிவில் வைத்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.

"அது என்னதுக்கா?"

"கரி."

"எதுக்கு?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் தாட்சாயணி பார்த்தாள்.

"அந்தி நேரம்லா அம்மை. பிள்ளை பெத்தவளுக்குப் பால் கொண்டு போறோம். தெருவுல நாலு பேரு பாப்பாங்க. யாரு கண்ணு எப்படியோ..."

மூடிமேல் இருந்த கரியைப் பார்த்தாள். பிறகு தரையில் மஞ்சள் துணிமேல் கிடந்த கரியைப் பார்த்தாள்.

நின்ற இடத்திலேயே வாளியைக் கீழே வைத்தாள்.

"தெருவுல போற பாலுக்குச் சரி அம்மை. வீட்டுக்குள்ள, பூட்டின பெட்டி மாதிரி இருக்கிற பாலை யாரு பாக்கப் போறா? மதினி யாரு கண்ணுக்குப் பயந்து இதை வச்சா?"

"நீங்கதானக்கா சொன்னீங்க. அதைத் திறக்கிறது அவங்க ஒருத்திதான்னு."

வளைகாப்பன்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றவள் தாட்சாயணிக்கு ஞாபகத்துக்கு வந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஆசையோடு ஒரு பார்வை பார்த்துவிடக் கூடாதே என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவளும் ஞாபகத்துக்கு வந்தாள். இஸ்திரி வண்டிக்காரரிடம் தன் கண்ணுக்குத் தானே கரி கேட்டு நிற்க எப்படி இருந்திருக்கும்? அவள் சுற்றும்முற்றும் பார்த்தது அதற்குத்தானா?

உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. தாட்சாயணிக்கு மாரில் சுருக்கென்று இழுத்தது. ரவிக்கை நனைந்து சேலையிலும் ஈரம் தெரிந்தது. மிஷின் பைக்குள்ளேயே இருந்தது.

பிள்ளையிடம் ஓடப்போனவள், நின்று, தரையில் கிடந்த கரியை எடுத்தாள். இந்த முறை கையால் எடுத்தாள். மஞ்சள் துணியில் வைத்து முன்பிருந்த மாதிரியே முடிந்தாள்.

"இதை என்ன செய்ய அம்மை?"

"இருந்த இடத்துலயே வைங்கக்கா. இனிமே நீங்களும் திறப்பீங்கள்லா."