மைனாக் குஞ்சும் மருக்கொழுந்துக் கொத்தும்

முன்னொரு காலத்திலே, களைத்துப்போன மேகங்கள் மரக்கிளையில் இறங்கி உட்கார்ந்து போகிற காலத்திலே, மஞ்சாடிபுரம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் எல்லாம் உண்டு. பறவைப் பாட்டு மட்டும் கிடையாது. விடியும், வெயில் வரும், வேலை நடக்கும். ஒரு குருவிகூடப் பாடாது.

அந்த நாட்டின் ஓரத்தில், உயர்ந்த சுவருக்குள் நீலகேசன் என்ற மாயாவி வாழ்ந்தான். அவன் வீட்டு மாடம் நிறைய மண்பொம்மைகள். எல்லாம் வாய் திறந்த குஞ்சுப் பறவைகள். அவனோடு ஒரு சிறுமியும் இருந்தாள். அவளுக்கு அவன் வைத்த பெயர் தனியாள்.

"தேர்த் திருவிழாக் கூட்டத்தில் உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாருமில்லை உனக்கு, நான் இருக்கிறேன் உனக்கு" என்று அவன் அடிக்கடி சொல்வான். அவளும் நம்பினாள். அங்கே வந்தபோது அவளுக்கு வயது நான்கு; தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அம்மா குடத்தோடு போனது மட்டும் மங்கலாக நினைவிருந்தது. ஏழு வருடம் ஓடிவிட்டது.

கொல்லையில் விழுந்து கிடக்கும் குஞ்சுகளை எடுத்து வருவது அவள் வேலை. எடுக்கும்போது, "யாருமில்லை உனக்கு, நான் இருக்கிறேன் உனக்கு" என்று சொல்ல வேண்டும். அது அவன் கட்டளை. குஞ்சுகளை உள்ளறையில் வளர்த்துப் பறக்க விடுவதாக நீலகேசன் சொல்லியிருந்தான். பாவம், நல்ல காரியம் என்றே அவள் நினைத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் கொல்லைச் சுவரின் மேல் ஒரு கொத்து மருக்கொழுந்து இருக்கும். பனி உலராமல், வாசனையோடு இருக்கும். காற்று கொண்டுவந்து போட்டது என்று எண்ணி அவள் தலையில் வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலை, கொய்யா மரத்தடியில் மூன்று மைனாக் குஞ்சுகள் தத்தித் தத்தி நடந்தன. சிறகு முளைத்திருந்தது; வால் முளைக்கவில்லை. மூன்றும் வாயைப் பிளந்து கத்தின.

"அடடா, செல்லங்களே! யாருமில்லை..." என்று அவள் குனிந்தாள்.

"வாயை மூடு அக்கா!" என்றது ஒரு குரல்.

கொய்யாக் கிளையில் ஓர் அணில். அந்தக் காலத்து அணில்கள் பேசும். கொஞ்சம் அதிகமாகவே பேசும்.

"ஏன் மூடணும்?"

"நீ இரக்கப்பட்டு அந்த வார்த்தையைச் சொன்னால், உள்ளறைக்குப் போனதும் குஞ்சு மண்ணாகிவிடும். அதன் குரலை உன் எஜமான் விழுங்கிவிடுவான். மாடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பது யார் என்று நினைத்தாய்? எல்லாம் நீ பொறுக்கிக் கொடுத்தவைதான்."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயோ! நான் காப்பாற்றுகிறேன் என்றல்லவா நினைத்தேன். தாய் இல்லாத குஞ்சுகள் ஆயிற்றே!"

"நீ பார்த்தாயா?"

"எதை?"

"தாய் இல்லை என்பதை. கண்ணில் படாவிட்டால் ஆளே இல்லை என்று அர்த்தமா? இறகில்லாத மொட்டைக் குஞ்சு விழுந்தால் எடுத்துக் கூட்டில் வை. இது சிறகு முளைத்த குஞ்சு. பறக்கப் பழகுகிறது. தாய் இரை தேடிப் போயிருக்கும். அது வருவதை ஒரே ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மந்திரம் உடைந்துவிடும். இந்த நாட்டில் பொறுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை."

"நான் பார்க்கிறேன்" என்று அவள் குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் குஞ்சுகள் பசியில் கத்தின. கிண்ணத்தில் பாலும் சோறும் எடுத்து வந்தாள். "அது மைனா வயிறு, உன் வயிறு இல்லை. புழு தின்னும் வயிற்றில் பாலை ஊற்றாதே" என்றது அணில். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொறுத்தாள்.

அடுத்து நீலகேசனின் கறுப்புப் பூனை மெல்ல மெல்ல வந்தது. "இதற்கும் பொறுக்கணுமா?" என்று கேட்டாள்.

"இதற்குப் பொறுத்தால் நீ மடைச்சி! தூக்கிக்கொண்டு போ!"

பூனையை அள்ளிக்கொண்டுபோய்ச் சமையலறையில் விட்டுக் கதவைத் தாழிட்டு வந்தாள். மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது, வெயில் இறங்கியது. தாய் வரவில்லை.

"அணிலே, நீ பொய் சொல்கிறாய்."

"அக்கா, நீ காவல் காக்கிறாயா, வழி மறிக்கிறாயா? உன்னைவிடக் குட்டையான ஒரு தாய் உன்னைத் தாண்டி எப்படி வரும்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுந்து பத்தடி போனாள். "இன்னும்" என்றது அணில். இருபதடி போனாள். "இன்னும்" என்றது. முப்பதடி போய், கிணற்றுச் சுவருக்குப் பின்னால் முட்டிபோட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் நீலகேசன் வந்தான்.

"தனியாளே, குஞ்சு எங்கே?"

"இன்னும் பார்த்து முடியவில்லை ஐயா."

"எதைப் பார்க்கிறாய்?"

"அவற்றின் தாய் வருகிறதா என்று."

அவன் கோபப்படவில்லை. அவளருகே குனிந்து, தேன் போலப் பேசினான். "அசட்டுப் பெண்ணே, உன் தாயே வரவில்லை. மைனாவின் தாயா வரப்போகிறது? ஏழு வருடம் நீ பார்த்தாயே, யாராவது வந்தார்களா? சொல், மகளே. அந்த வார்த்தையைச் சொல்."

அவள் கண் நிறைந்தது. கொல்லை மங்கலாகி, மிதப்பதுபோல் ஆடியது. மூன்றில் ஒரு குஞ்சு தனியாக ஒதுங்கி ஈனமாய்க் கத்தியது. "யாரு..." என்று அவள் உதடு அசைந்தது. தலையிலிருந்த மருக்கொழுந்து வாசனை அடித்தது. காற்று ஒருநாள் கொண்டுவரலாம். இரண்டு நாள் கொண்டுவரலாம். ஏழு வருடமாகவா?

உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

விர்ரென்று ஒரு சத்தம். மஞ்சள் மூக்கில் வெட்டுக்கிளியோடு தாய் மைனா கொய்யா மரத்தடியில் இறங்கியது. இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது, தனியாக நின்ற குஞ்சின் வாயில் இரையைத் திணித்தது.

"வந்துவிட்டது! என் கண்ணால் பார்த்தேன்!" என்று கத்தினாள் அவள்.

மாடத்தில் படபடவென்று மண் உதிர்ந்தது. நூறு பொம்மைகள் நூறு பறவைகளாகிச் சன்னல் வழியே பொங்கி வந்தன. விழுங்கிய குரலெல்லாம் நீலகேசனின் தொண்டையிலிருந்து பாட்டாக வெளியேறின. குரல் போகப் போக அவன் சிறுத்தான். கடைசியில் வாய் திறந்த ஒரு மண்பொம்மையாகிப் புல்லில் விழுந்தான்.

கொல்லைச் சுவர் பொலபொலவென்று சரிந்தது. அங்கே ஒருத்தி நின்றாள். இடுப்பில் தண்ணீர்க்குடம், கையில் மருக்கொழுந்துக் கொத்து. ஏழு வருடமும் தினமும் அங்கே வந்து நின்றவள்தான். மந்திரத்தால் சிறுமியின் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. அவள் கூப்பிட்ட குரலும் சிறுமியின் காதில் ஏறவில்லை.

"மருக்கொழுந்தே!" என்று அவள் கூப்பிட்டாள்.

அதுதான் தன் பெயர் என்று சிறுமிக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கால் நகரவில்லை. "அம்மா, மனிதர் தொட்ட குஞ்சைத் தாய்ப்பறவை சேர்க்காது என்பார்களே. வேறொருவன் வளர்த்த பிள்ளையைத் தாய் சேர்த்துக்கொள்வாளா?" என்று மெல்லக் கேட்டாள்.

கொய்யாக் கிளையிலிருந்து அணில் முந்திக்கொண்டது. "மைனாவே சேர்த்துக்கொள்கிறது! இது என்ன கேள்வி?"

மருக்கொழுந்து ஓடிப்போய்த் தாயின் சேலையில் முகம் புதைத்தாள். புதைத்துக்கொண்டே சண்டையும் போட்டாள். "ஒரு குடம் தண்ணீர் எடுத்து வர இவ்வளவு நேரமா அம்மா?"

தாய் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். "திருவிழாக் கூட்டமடி, கண்ணு. கொஞ்சம் தாமதமாகிவிட்டது."

அன்று முதல் மஞ்சாடிபுரத்தில் பொழுது பறவைப் பாட்டோடுதான் விடிந்தது. கொல்லையில் குஞ்சு விழுந்தால் அங்கே யாரும் பதறுவதில்லை. பூனையை உள்ளே அடைத்துவிட்டு, முப்பதடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். தாய் வந்தது, இரை தந்தது. என் கதையும் கூடு சேர்ந்தது.