பேராசிரியர் வேலைக்கு இரண்டு பேர்

பேராசிரியர் ஆவுடையப்பன் துறைத்தலைவராக இருந்த காலத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். நரம்புப் பொறியியல் துறைக்கு ஆசிரியராக வர விரும்புகிறவர் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதிக் குவித்திருந்தாலும் சரி, நேர்காணலுக்கு முன்னால் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய்த் தன் கருவியை வேலை செய்ய வைத்துக் காட்ட வேண்டும்.

"கரும்பலகைக்கு முன்னால எல்லாரும் கெட்டிக்காரங்கதான்" என்பார்.

இப்போது அந்த நோயாளி அவரேதான்.

நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். கை போயிற்று, கால் போயிற்று, கடைசியில் குரலும் போயிற்று. மூளைக்கு மட்டும் ஒரு பழுதும் இல்லை. அதுதான் கொடுமை. பாளையங்கோட்டை வீட்டில், சக்கர நாற்காலியில், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதற்கும் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணிமை மட்டும் அசையும். மனைவி காந்திமதி கண்ணுக்கு நேரே குனிந்து, "தண்ணியா? புரண்டு உக்காரணுமா? வலிக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஆமென்றால் இமை மூடித் திறக்கும்.

அவருடைய மாணவி உலகம்மைதான் இப்போது துறைத்தலைவி. வெகுநாள் கேட்டு ஒரே ஓர் ஆசிரியர் பணியிடம் வந்திருந்தது. நல்ல ஆளாக எடுத்தால் சார் சாவதற்குள் ஒருமுறையாவது அவர் பேசிக் கேட்கலாம் என்ற ஆசை அவளுக்கு. அதை அவள் தேர்வுக் குழுவிடம் சொல்லவில்லை. தனக்குள்ளேயே கூடச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

முதலில் பிரேம்நாத் வந்தான். வெளிநாட்டில் படித்தவன், சுறுசுறுப்பானவன். பேராசிரியரின் தலையில் மின்முனைகள் பதித்த குல்லாயை மாட்டினான். குல்லாயின் ஒயர்களை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பெட்டியை நாற்காலி முதுகில் கட்டினான். மூளையின் சமிக்ஞையில் தெளிவில்லாத இடங்களைக் கணினியே ஊகித்து நிரப்பிவிடும் என்றான். அதைப் பழக்க, பேராசிரியரின் பழைய விரிவுரைகளைத் தரும்படி கேட்டான். உலகம்மை விரிவுரைகளோடு அவர் தனக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தாள்.

ஒலிபெருக்கி பேசியது.

"வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். சாப்பிட்டாயா, காந்தி?"

காந்திமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருதரம்கூட அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

உலகம்மை நெருங்கி வந்து கேட்டாள். "சார், இவரை எடுத்துக்கலாமா?"

"திறமையானவர். தயங்காதே, உலகம்மை."

கடிதங்களில் அவர் எழுதுகிற அதே தோரணை. அவள் அழுதுவிட்டாள். கருவி அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று பிரேம்நாத் விட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு வீட்டில் ஒரே பேச்சுத்தான். வந்தவர்களெல்லாம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் காந்திமதி, "எங்க வீட்டுக்காரருக்கு வாய் வந்துட்டு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இரண்டாவதாக விண்ணப்பித்திருந்தவள் ஜன்னத். மேலப்பாளையத்துப் பெண். கட்டுரைகள் குறைவு. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றுதான் அவளையும் உலகம்மை கூட்டிவந்தாள். முடிவு செய்தாகிவிட்ட விஷயம். அவள் கருவிக்கு இடம்விட்டுத் தன் கருவியைக் கழற்றிக்கொள்ளப் பிரேம்நாத்தும் அன்று வந்திருந்தான்.

ஜன்னத் சிறிது நேரம் ஒலிபெருக்கியைக் கேட்டாள். பிறகு பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, வீட்ல பூசணிக்காய் இருக்கா?"

"சாம்பாருக்கு வாங்கினது இருக்கு. எதுக்கும்மா?"

"கொஞ்சம் தாங்க. எங்க லேப்ல முதல்ல அதுலதான் மாட்டிப் பார்ப்போம்."

குல்லாயை அவர் தலையிலிருந்து மெல்லக் கழற்றினாள். பூசணிக்காயை ஈரத்துணியால் துடைத்து அதற்கு மாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை உலகம்மை நிறையப் பார்த்திருக்கிறாள். பூசணிக்காய் பேசி அவள் கேட்டதில்லை.

"மிக்க மகிழ்ச்சி" என்றது ஒலிபெருக்கி. "எனக்கு ஒரு குறையும் இல்லை. தயங்காதே, உலகம்மை."



பிரேம்நாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "சிக்னல் சரியா வரலேன்னா மாடலே நிரப்பிக்கும், மேடம். கொஞ்சம் கூடுதலா நிரப்பிடுச்சு போல. சரிபண்ணிடலாம்."

காந்திமதி உலகம்மையின் கையைப் பிடித்தாள். "அப்போ சாப்பிட்டியான்னு கேட்டது?"

உலகம்மை என்ன சொல்வாள்? அந்தக் கடிதங்களை எடுத்துக் கொடுத்த கை அவளுடையது.

"அதைக் கழத்த வேண்டாம், உலகு" என்றாள் காந்திமதி. "பொய்யா இருந்தா இருந்துட்டுப் போட்டும். ஒரு குரலாவது கேக்குல்லா?"



ஜன்னத் தன் கருவியை அவர் தலையில் மாட்டினாள். அதில் குரல் கிடையாது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக மின்னும். வேண்டிய எழுத்து மின்னும்போது மனம் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். பலமுறை பற்றினால்தான் ஓர் எழுத்து விழும். கருவி தானாக எதையும் நிரப்பாது.

உலகம்மை அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"சார், இப்ப நீங்களே சொல்லுங்க. யாரை எடுக்கட்டும்?"

எழுத்துகள் மின்னின. வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. பிறகு ஒன்று விழுந்தது.

மு.

"முதல்ல வந்தவரையா சார்? பிரேம்நாத்தையா?"

"மேடம்" என்றாள் ஜன்னத். "அவங்க முடிக்கட்டும்."

உலகம்மைக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டாள்.

தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பேராசிரியரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஜன்னத் அதைத் துடைத்தாள், அவசரப்படுத்தவில்லை.

து. கு.

கொஞ்சம் இளைப்பாறினார். பிறகு இன்னும் இரண்டு.

வ. லி.

காந்திமதிதான் முதலில் எழுந்தாள். பெண்கள் மூவருமாக அவரை முன்னால் சாய்த்துச் சட்டையை உயர்த்தினார்கள். நாற்காலி முதுகில் கட்டியிருந்த பெட்டி, அதன் துணி வழியாக, தோள்பட்டை எலும்புக்குக் கீழே நாளெல்லாம் அழுத்தியிருக்கிறது. தோல் கன்றிக் கறுத்து, நடுவில் புண்ணாகிக் கசிந்தது.

"நான் பார்த்தேனே!" காந்திமதி தலையில் அடித்துக்கொண்டாள். "உடம்பைத் துடைச்சுவிடும்போது செவந்திருந்துது. வலிக்கான்னு கேட்டேன். ஒரு குறையும் இல்லன்னு சொன்னாகளே! முன்ன மாதிரி கண்ணைப் பார்த்துக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே. வாய்தான் வந்துட்டுல்லான்னு கண்ணைப் பார்க்கதையே விட்டுட்டேனே, பாவி."

பிரேம்நாத் பெட்டியை அவிழ்த்தான். உலகம்மை புண்ணைத் துடைத்து மருந்து வைத்தாள். ஜன்னத் தலையணையை மடித்து முட்டுக் கொடுத்தாள். அவரை நேராக உட்கார வைத்தபோது பேராசிரியரின் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. யார் துடைப்பது என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள்.

காந்திமதி அவர் கண்ணுக்கு நேரே குனிந்தாள்.

"எத்தனை நாளா வலிக்கு உங்களுக்கு? சொல்லுங்க, எத்தனை நாளா?"

எழுத்துகள் மீண்டும் மின்னத் தொடங்கின. இந்தமுறை யாரும் இடையில் பேசவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. ஒவ்வோர் எழுத்தாக விழ விழ, உலகம்மை படித்தாள்.

"நல்லாப் பேசின நாளெல்லாம்."