கீழே வைத்த கால்

பெருங்குளத்து அவையில் பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஒற்றைக் காலில்தான் நிற்க வேண்டும். அதுதான் முறை.

அந்த முறையைக் கொண்டுவந்தவை கடல் தாண்டி வந்த நாரைகள். அவை ஒற்றைக் காலில் நின்றபடி குளத்தை ஆண்டன. தங்கள் முன்னால் வருகிறவர்களும் அப்படியே நிற்க வேண்டும் என்றன. நாரைமொழியில்தான் பேச வேண்டும் என்றன. பிறகு ஒரு நாள் அவை பறந்து போய்விட்டன. திரும்பி வரவே இல்லை.

அவற்றின் இடத்துக்கு நீர்நாய் வந்தது. அதுவும் நாணலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. தவளைகள் தள்ளாடித் தள்ளாடி நின்றன. ஆமைக்கு மட்டும் சிரமமில்லை. மற்ற மூன்று கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும்" என்று பெருமை பேசியது.

குளத்துக்குக் கீழே ஒரு மடு இருந்தது. அங்கே தாழைக்கோழிகள் என்ற சிறு நீர்ப்பறவைகள் வாழ்ந்தன. குஞ்சு பொரிக்கிற இடம் என்பதால் அதைப் பொரிமடு என்று அழைத்தன. குளத்திலிருந்து மடுவுக்கு ஒரு வாய்க்கால் போனது. தங்கள் குளத்தில் மீன் குறையக் கூடாது என்று நாரைகள் அதை மண்ணால் அடைத்துவிட்டன. நாரைகள் போன பிறகும் அடைப்பு இருந்தது. மடு கோடைக்குக் கோடை சுருங்கியது.

"நம்மள்ல ஒருத்தியாவது அவங்க பாஷையில பேசக் கத்துக்கணும்" என்று தாழைக்கோழிகள் முடிவு செய்தன. செம்மூக்கி என்ற இளங்கோழியைக் குளத்துக்கு அனுப்பின. அவள் நாரைமொழியைக் கற்றாள். விழுந்து விழுந்து ஒற்றைக் காலில் நிற்கவும் கற்றாள்.

ஆனால் குளத்துப் பிராணிகள் அவளைப் பார்த்துச் சிரித்தன. "வாலை ஆட்டாதே! நாரை எங்காவது வாலை ஆட்டுமா?"

மடுவுக்குப் போனால் தம்பி தங்கைகள் சிரித்தார்கள். "நாரையம்மா வந்துட்டாங்க! வழி விடுங்க!"

இரண்டு இடத்திலும் அவள் தனியாகவே இரை தின்றாள்.

ஒரு நாள் காலையில் அவளுடைய அப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அம்மாடி, அம்மா அடைகாக்குறா. கூட்டைச் சுத்தித் தண்ணியே இல்ல. சேறு இறுகிப்போச்சு. நேத்து நரி பாதி தூரம் நடந்து வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. இன்னைக்கு முழு தூரமும் வந்துரும்!"

"நான் பேசறேன்பா. இதுக்குத்தானே படிச்சேன்!"

அவை கூடியிருந்தது. செம்மூக்கி முன்னால் போய் ஒற்றைக் காலில் நின்றாள். அப்பாவும் அவள் பின்னால் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். தொப்பென்று தண்ணீரில் விழுந்தார். அவை சிரித்தது. செம்மூக்கி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தானும் விழுந்துவிடுவோம் என்று பயந்தாள்.

நாரைமொழியில் பொரிமடு என்ற சொல் இல்லை. தாங்கள் இறங்காத அந்த இடத்தை நாரைகள் 'காலியிடம்' என்றே அழைத்தன. செம்மூக்கியும் அப்படித்தான் படித்திருந்தாள். யோசிக்காமல் சொன்னாள்.

"மாண்புமிகு அவையே! காலியிடத்துக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது. அடைப்பைத் திறந்துவிட வேண்டுகிறேன்."

நீர்நாய் கண்களை மூடி ரசித்தது. "ஆகா, என்ன உச்சரிப்பு! நாரையே வந்து பேசுவது போல இருக்கிறது!"

"உச்சரிப்பு சரி" என்றது ஆமை. "காலியாகக் கிடக்கும் இடத்துக்குத் தண்ணீர் எதற்கு?"

"அதானே! யார் குடிப்பார்கள்? காற்றா?" என்றது ஒரு தவளை. அவை குலுங்கிச் சிரித்தது.

"அடுத்த விண்ணப்பம்!" என்றது நீர்நாய்.

அப்பாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆவலோடு அருகில் வந்தார். "என்னம்மா சொன்னாங்க? தொறக்குறாங்களா?"

"இல்லப்பா."

"ஏனாம்?"

"அங்க யாருமே இல்லையாம்."

"எவன் சொன்னான் அப்படி?"

"நான்தாம்பா சொன்னேன்."

அப்பா அவளையே பார்த்தார். கோபப்படவில்லை. "அப்போ அம்மா எங்கம்மா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

செம்மூக்கி தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தாள்.

"பொரிமடு!" என்று தன் மொழியில் கத்தினாள். "அதுக்குப் பேரு பொரிமடு! எங்கம்மா அங்க முட்டை மேல உக்காந்திருக்கா!"

யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் அவள் காலையே பார்த்தார்கள்.

"காலைத் தூக்கு! காலைத் தூக்கு!" என்று தவளைகள் பதறின.

செம்மூக்கி அடைப்பை நோக்கி ஓடினாள். இரண்டு கால்களாலும் மண்ணைச் சீய்த்தாள். அப்பாவும் வந்து சீய்த்தார்.

"தடுத்து நிறுத்துங்கள்!" என்று அலறியது நீர்நாய்.

ஒருவரும் நகரவில்லை. தடுக்க வேண்டுமானால் தூக்கிய காலைக் கீழே வைக்க வேண்டுமே!

"தலைவரே, முதலில் நீங்கள்..." என்றது தவளை.

"நானா? அவையில் காலை ஊன்றுவதா? முறை என்று ஒன்று இருக்கிறதே!" என்றது நீர்நாய்.

யார் முதலில் வைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடைப்பு பழையதுதான். ஆனாலும் வெறும் மண்தான். முதலில் ஒரு கீற்றாகக் கசிந்தது. பிறகு அடைப்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தது.

மடுவில் நரி கூட்டை நெருங்கியிருந்தது. காலைச் சுற்றித் தண்ணீர் ஏறியதும் திடுக்கிட்டுக் கரைக்குத் தாவியது. நனைந்த காலை உதறிக்கொண்டே போய்விட்டது.

மாலையில் அம்மா கூட்டிலிருந்து கூப்பிட்டாள். "வந்துட்டியா, என் கண்ணு!"

செம்மூக்கி பதில் சொன்னாள். வாயில் வந்தது நாரைமொழி. அம்மா புரியாமல் விழித்தாள். இந்த முறை தம்பி தங்கைகள் சிரிக்கவில்லை. அமைதியாகக் கொஞ்சம் விலகி வழி விட்டார்கள்.

அவள் தண்ணீர் ஓரமாகப் போய்த் தனியாக நின்றாள். பொரிமடு, பொரிமடு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தூக்கத்தில் கண் செருகியது. ஒரு கால் தானாக மேலே எழுந்தது. கீழே வைத்தாள். மறுபடியும் எழுந்தது. மறுபடியும் கீழே வைத்தாள்.

நம்மை ஆண்டவர்கள் போய்விட்டாலும், அவர்கள் வைத்த பெயரையும் நிற்கச் சொன்ன விதத்தையும் நாமே விடாத வரை அவர்கள் ஆட்சி முடிவதில்லை.